ஆதரவற்றவரின் நான்கு மாப்பிள்ளைகள்

ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் போய்ச் சொல்வதுதான் என் தொழில். குடும்பத்துக்குள் இதைச் செய்தால் கோள்மூட்டி என்பார்கள். நலத்துறை அலுவலகத்தில் செய்தால் கழுத்தில் ஓர் அட்டையை மாட்டி, மொழிபெயர்ப்பாளர் என்று பெயரும் வைத்து, சம்பளமும் கொடுக்கிறார்கள். பதினான்கு வருடமாக அந்த அட்டையை மாட்டிக்கொண்டிருக்கிறேன்.

அட்டையின் பின்பக்கத்தில் மூன்று விதிகள் அச்சடித்திருக்கும். கூட்டக் கூடாது. குறைக்கக் கூடாது. விளக்கக் கூடாது. முதல் இரண்டோடும் எனக்குத் தகராறு இல்லை. மூன்றாவதோடுதான் ஆகாது. அலுவலகத்தில் நடக்கும் நேர்காணல்கள் எல்லாம் பதிவாகும். தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் ஒரு மகான் உட்கார்ந்து அவற்றைக் கேட்பார். புத்தகம் வைத்துத் தமிழ் படித்தவர். நான் அவரை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை, அவருடைய குறிப்புகளைத்தான் பார்த்திருக்கிறேன். இந்த வருட ஆரம்பத்தில் ஒரு பெரியவர் நேர்காணல் முடிந்து எழுந்து, "சரிங்க, போயிட்டு வர்றேன்" என்று கைகூப்பினார். "விடைபெறுகிறார்" என்று மொழிபெயர்த்தேன். இரண்டு வாரத்தில் எனக்கு எழுத்துபூர்வமான எச்சரிக்கை வந்தது. விண்ணப்பதாரர் மறுபடியும் இதே அலுவலகத்துக்கு வரப்போவதாகத் தெளிவாகச் சொல்லியும், மொழிபெயர்ப்பாளர் அதை மறைத்துவிட்டாராம்.

படித்ததும் எனக்குச் சுர்ரென்று ஏறியது. சரி, உனக்கு வேண்டியது அதுதானே, இனிமேல் சொல்லுக்குச் சொல்தான் என்று முடிவு கட்டிக்கொண்டேன். அந்தக் கடிதத்தை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு மறுநாள் வேலைக்குப் போனேன். அன்றைக்குப் பார்த்துத்தான் பெயின்டர் வந்தார்.

முப்பத்தாறு வயது. இரண்டு பக்கமும் ஊன்றுகோல். நகக்கண்ணில் இன்னும் போகாத வெள்ளை பிரைமர் பூச்சு. ஏணியின் உச்சியில் நின்று கூரையைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது ஏணி வழுக்கி, விழுந்து, இடுப்பெலும்பு உடைந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. மனைவி மூன்று வருடத்துக்கு முன்பே நோயில் போய்விட்டாள். எட்டு வயதில் ஒரே பெண். காத்திருப்பு அறையில் உட்கார்ந்தவர், பக்கத்திலிருந்த வெளிர்பச்சைச் சுவரை உள்ளங்கையால் ஒருமுறை தடவிப் பார்த்தார்.

"இந்த ஹால் நாங்க அடிச்சதுதான் அக்கா. ரெண்டு கோட்டு. மூணாவது கோட்டுக்கு இவங்க ஒத்துக்கல" என்றார், ஏதோ தன்மேல்தான் குற்றம் என்பது போல.

அவருடைய கடவுச்சீட்டில் ஒட்டியிருந்த அனுமதி எனக்கு மனப்பாடம். ஒருகாலத்தில் என்னிடமும் அதேதான் இருந்தது. இந்த நாட்டில் தங்கலாம். வேலை செய்யலாம். வரி கட்டலாம். கட்டலாம் என்ன, கட்டியே ஆக வேண்டும். பொதுப் பணத்திலிருந்து எந்த உதவியும் வாங்க மட்டும் உரிமை கிடையாது. பதினோரு வருடமாக அவர் கட்டியதும் அந்தப் பொதுப் பணத்தில்தான் சேர்ந்திருக்கிறது. ஆனால் சட்டம் இதில் மிகவும் தெளிவானது. போடுகிற கை எந்த நாட்டுக் கை என்று பார்க்காது. வாங்குகிற கையைத்தான் திருப்பித் திருப்பிப் பார்க்கும்.

அதற்காக அரசாங்கத்துக்கு நெஞ்சில் ஈரமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஒரு விதிவிலக்கு வைத்திருக்கிறார்கள். 'ஆதரவற்றவர்' என்று அதற்குப் பெயர். இந்த நாட்டில் தன்னைத் தாங்க ஒருவரும் இல்லை என்று நிரூபித்துவிட்டால், தடையை ஒரு வருடத்துக்கு எடுத்துவிட்டு வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் உதவுவார்கள். இடுப்பு உடைந்தால் மட்டும் போதாது. வேலை போனால் மட்டும் போதாது. மனிதர்களும் போக வேண்டும்.

நேர்காணல் அதிகாரிக்கு நான் மனதுக்குள் வைத்திருந்த பெயர் கட்டத்தார். படிவத்தில் இருக்கும் சின்னச் சின்னக் கட்டங்களில் டிக் அடிப்பதற்காகவே பிறந்தவர். கெட்டவர் இல்லை. வருகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பார், நாற்காலியை இழுத்துப் போடுவார், குழந்தை எப்படி இருக்கிறது என்று விசாரிப்பார். இவ்வளவு நல்லவராக இருந்துகொண்டே ஒன்றும் கொடுக்காமல் அனுப்புவதற்கு ஒரு தனித் திறமை வேண்டும்.

"எங்கே தங்கியிருக்கிறீர்கள்?" என்று ஆரம்பித்தார். நான் தமிழில் கேட்டேன்.

"மாமா வீட்டுலதாங்க. மாடியில ஒரு ரூமு" என்றார் பெயின்டர்.

மாமா என்றால் அந்த வீட்டின் சொந்தக்காரர். மாதம் பிறந்தால் பொழுது விடிவதற்குள் கதவைத் தட்டுகிற மாமா. எனக்குத் தெரியும், பெயின்டருக்குத் தெரியும், தமிழ் பேசுகிற எந்தப் பச்சைக்குழந்தைக்கும் தெரியும். 'வீட்டு உரிமையாளர்' என்ற சொல் என் நாக்கு நுனி வரை வந்தது. கைப்பையில் இருந்த கடிதம் ஞாபகத்துக்கு வந்தது.

"தன் தாயின் சகோதரருடைய வீட்டில் இருக்கிறார்" என்றேன்.

கட்டத்தார் ஒரு டிக் அடித்தார். "சாப்பாட்டுக்கு என்ன செய்கிறீர்கள்?"

"கீழ இஸ்திரிக் கடை அத்தை குடுத்துவிடும். பாப்பாவுக்குத் தலை பின்னி ஸ்கூலுக்கு அனுப்புறதும் அத்தைதான். எனக்குக் குனிய முடியாதுங்களே."

"தந்தையின் சகோதரி உணவளிக்கிறார். குழந்தையையும் அவரே கவனித்துக்கொள்கிறார்."

"மருத்துவமனைக்கு யார் கொண்டுபோனது?"

"மச்சான்தான் தூக்கிப் போட்டுக்கிட்டு ஓடுனான். கூட பெயின்ட் அடிக்கிறவன்."

"மனைவியின் சகோதரர். இவருடன் வேலை செய்கிறவர்."

இதற்குள் எனக்கு ஒரு குரூரமான குஷி பிறந்துவிட்டது. தரக் கட்டுப்பாட்டு மகான் காதில் ஹெட்போனோடு தலையாட்டுவதாகக் கற்பனை செய்துகொண்டேன். கேளப்பா, நன்றாகக் கேள், ஒரு சொல் கூடவில்லை, ஒரு சொல் குறையவில்லை. எதிரில் இருந்த மனிதரை அந்த நேரத்தில் நான் நினைக்கவே இல்லை. இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. ஆனால் நடந்தது அதுதான்.

"மருத்துவமனையிலிருந்து வந்த பிறகு யார் பார்த்துக்கொண்டார்கள்?"

"மாப்ளைங்க நாலு பேரு மாறி மாறி வந்து இருந்தாங்க. பாத்ரூமுக்குத் தூக்கிட்டுப் போறதுலேர்ந்து எல்லாம் அவனுங்கதான்."

"நான்கு மருமகன்கள்" என்றேன்.

கட்டத்தாரின் பேனா நின்றது. அந்தப் பேனா பாதியில் நின்று நான் பார்த்ததே இல்லை.

"உங்களுக்கு எத்தனை பெண்கள்?"

"ஒண்ணே ஒண்ணுதாங்க."

"வயது?"

"எட்டு முடியப் போகுதுங்க."

அப்போதுதான் நான் செய்தது எனக்கு உறைத்தது. "ஐயா, இது ஒரு பேச்சுவழக்கு. நண்பர்களைத்தான் அப்படி..." என்று ஆரம்பித்தேன். கட்டத்தார் கையை உயர்த்தினார்.

"மொழிபெயர்ப்பாளர் விளக்கம் தரக் கூடாது. உங்களுக்கு ஏற்கெனவே ஓர் எச்சரிக்கை வந்திருக்கிறது, இல்லையா?" என்றார். மிகுந்த அக்கறையோடுதான் சொன்னார்.

பெயின்டர் ஊன்றுகோல்களைச் சேர்த்துப் பிடித்து எழுந்தார். "நல்லபடியா முடிஞ்சுதாக்கா?" என்று கேட்டார். நான் அவருக்காகக் கதவைத் திறந்துவிட்டேன்.

பத்து நாள் கழித்து மதிய இடைவேளையில் அலுவலக வாசலில் நின்றுகொண்டிருந்தார். கையில் துறையின் கடிதம். என்னிடம் நீட்டினார். விண்ணப்பதாரருக்கு இந்த நாட்டில் சொந்த வீடுள்ள தாய்மாமன் ஒருவர், உணவளிக்கும் அத்தை ஒருவர், வேலையில் இருக்கும் மைத்துனர் ஒருவர் இருப்பது அவர் வாய்மொழியாலேயே உறுதியாவதால், அவர் ஆதரவற்றவர் அல்லர். நான்கு மருமகன்களைப் பற்றிக் குழந்தைகள் நலப் பிரிவு தனியாக விசாரிக்கும். இருபத்தொரு நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். செய்யாத பட்சத்தில், அல்லது தகப்பன் தங்குமிடத்தை இழக்கும் பட்சத்தில், குழந்தையை மட்டும் அரசு இல்லத்தில் சேர்த்துக்கொள்ளத் துறை மகிழ்ச்சியுடன் முன்வருகிறது.

மகிழ்ச்சியுடன் என்றே போட்டிருந்தார்கள். பொதுப் பணத்தில் உரிமை இல்லாதது தகப்பனுக்குத்தான். குழந்தையைத் தெருவில் விட இந்த நாட்டுச் சட்டம் ஒப்பாது. ஆகவே அவளுக்குக் கட்டில் உண்டு, போர்வை உண்டு, மூன்று வேளை சாப்பாடு உண்டு, விளையாட்டுச் சாமான் உண்டு. அப்பா மட்டும் கிடையாது. இதற்குப் பெயர் குழந்தை நலன்.

"வீட்டுக்கார மாமா மாசக் கடைசிக்குள்ள ரூம காலி பண்ணச் சொல்லிட்டாரு. அது தெரிஞ்சா பாப்பாவ எடுத்துட்டுப் போயிடுவாங்களாக்கா?" என்றார் பெயின்டர். பிறகு தயங்கி, "அதென்ன, மருமகன்னு போட்டிருக்காம்? பாப்பா மூணாங்கிளாஸ்தான் படிக்குது" என்றார்.

"தப்பு என்னோடது" என்றேன்.

"உங்க மேல என்னக்கா தப்பு? நான் சொன்னததானே நீங்க சொன்னீங்க."

"இல்ல தம்பி. நீங்க சொன்ன வார்த்தையச் சொன்னேன். நீங்க சொன்னதச் சொல்லல."

அவருக்குப் புரிய வைக்க அரைமணி நேரம் ஆயிற்று. அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவரோ தன் சந்தேகத்தைத்தான் கேட்டார்.

"அப்ப வீட்டுக்காரர என்னன்னு கூப்பிடணும்?"

"வீட்டுக்காரர்னுதான்."

"மூஞ்சிக்கு நேரா எப்படிக்கா அப்படிக் கூப்பிடுறது? மரியாதையா இருக்காதே."

மேல்முறையீட்டுக்கு என்ன வேண்டும் என்று துறையின் வழிகாட்டிக் கையேடு சொல்கிறது. சம்பந்தப்பட்ட ஒவ்வொருவரும் தனித்தனியாக எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்: 'இவருக்கும் எனக்கும் எந்த உறவும் இல்லை. இவருக்கு உதவும் கடமையோ எண்ணமோ எனக்கு இல்லை.' கடமை இல்லை என்றால் போதாதா, எண்ணமும் எதற்கு இல்லாமல் போக வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். துறைக்கு எதையும் அரைகுறையாகச் செய்து பழக்கம் இல்லை. மொழிபெயர்ப்பாளர் விண்ணப்பதாரருக்கு உதவினால் வேலை போகும். நான் பேருந்து நிறுத்தத்து இருக்கையில் உட்கார்ந்து ஏழு கடிதங்களையும் எழுதிக் கொடுத்தேன்.

வீட்டுக்கார மாமா படித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார். போட்ட பிறகு படித்துப் பார்த்து, கடைசியில் தன் கைப்பட ஒரு வரியும் சேர்த்தார்: 'எப்போதும் இருந்ததில்லை.' இந்த மொத்த விவகாரத்தில் துறைக்கும் மாமாவுக்கும் இருந்த மன ஒற்றுமை வேறு யாருக்கும் இருக்கவில்லை.

நான்கு மாப்பிள்ளைகளும் கடிதத்தோடு குழந்தைகள் நலப் பிரிவுக்கே நேரில் போக வேண்டியிருந்தது. வரிசையாக நின்றார்கள். ஒருவருக்கு ஐம்பத்திரண்டு வயது, மாமனாரைவிடப் பதினாறு வயது மூத்த மருமகன். இன்னொருவர் மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் சாட்சிக்குக் கூட்டி வந்திருந்தார். விசாரணை அதிகாரி நால்வரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஏதோ மொழிபெயர்ப்புக் குளறுபடி என்று எழுதி மூடினார். யாருடைய மொழிபெயர்ப்பு என்று எழுதவில்லை. அதற்கு நான் நன்றியோடு இருந்தேன்.

மச்சான்தான் முறுக்கிக்கொண்டான். "பதினோரு வருஷமா ஒரே ஏணிய ஆளுக்கொரு பக்கம் தூக்கியிருக்கோம். இப்ப நீ எனக்கு யாருமில்லன்னு எழுதணுமாடா?" என்று பெயின்டரைப் பிடித்துக் கத்தினானாம். பிறகு பேனா முனை தாளைக் கிழிக்கிற மாதிரி ஒரு கையெழுத்தைப் போட்டுத் தூக்கி எறிந்துவிட்டு, நான்கு நாள் அந்தப் பக்கமே வரவில்லை.

அத்தை போடவே இல்லை.

பெயின்டர் கேட்டு முடியாமல் நானே போனேன். மாடிப்படிக்கு அடியில் ஓர் ஆள் நின்று கையை வீசுகிற அளவுக்கு இடம். அதுதான் கடை. அடுக்கடுக்காக ஊரார் சட்டைகள். அத்தைக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். கொண்டையில் ஒரு சீப்பைச் செருகியிருந்தாள். அவளுக்கும் பெயின்டருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அந்தத் தெருவில் தமிழ் பேசுகிற எல்லோருக்கும் அவள் அத்தைதான்.

"வெறும் காகிதம்தான் அத்தை" என்றேன்.

"வெறும் காகிதம்னா நீயே கையெழுத்துப் போட்டுக்க" என்றாள். இஸ்திரிப்பெட்டி புஸ்ஸென்று ஆவி விட்டது. "மூணு வருஷமா அந்தப் புள்ளைக்குத் தலை பின்றேன். எனக்கும் அதுக்கும் ஒண்ணும் இல்லன்னு எழுதிக் குடுத்துட்டு, விடிஞ்சா எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு சீப்பத் தொடுவேன்? போ. வேற யாராவது அத்தைகிட்டப் போய் வாங்கிக்க."

அருமையான பேச்சு. ஆனால் அருமையான பேச்சுக்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

"கையெழுத்து இல்லன்னா புள்ளைய எடுத்துட்டுப் போயிடுவாங்க அத்தை."

"யாரு?"

"கவர்மென்ட்டு."

"நான் ஒருத்தி இங்க குத்துக்கல்லாட்டம் இருக்கும்போதா?"

"நீங்க இருக்கீங்கங்கறதுதான் இப்பப் பிரச்சினையே" என்றேன்.

அத்தை இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். பிறகு அடுத்த சட்டையை எடுத்து உதறி விரித்து, காலரில் ஆரம்பித்தாள். நான் வெறுங்கையோடு திரும்பினேன்.

ஆறு கடிதங்களோடு மேல்முறையீடு போயிற்று. இரண்டு நாளில் கட்டத்தார் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். தண்ணீர் கொடுத்தார். நாற்காலியை இழுத்துப் போட்டார். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்தது.

"பதிவை மறுபடி கேட்டோம். விண்ணப்பதாரர் உங்களை 'அக்கா' என்று அழைக்கிறார். அகராதியில் பார்த்தேன். உடன்பிறந்த மூத்த சகோதரி என்று இருக்கிறது."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. ஒரு தாளை என் பக்கம் நகர்த்தினார்.

"சும்மா ஒரு சம்பிரதாயம்தான்."

'இவருக்கும் எனக்கும் எந்த உறவும் இல்லை. இவருக்கு உதவும் கடமையோ எண்ணமோ எனக்கு இல்லை.' நானே எழுதிக் கொடுத்த அதே வாசகம். மூன்று விநாடியில் கையெழுத்துப் போட்டேன். பொய் இல்லையே, நிஜமாகவே நான் அவருக்கு யாரும் இல்லைதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அங்கே, மாடிப்படிக்கு அடியில், அரைகுறையாகப் படிக்கத் தெரிந்த ஒரு மனுஷி இதே வாசகத்தைக் கையால் தொட மறுத்திருந்தாள். தாளைத் திரும்ப வாங்கிக் கிழித்துப் போட வேண்டும் போல இருந்தது. கிழிக்கவில்லை. எனக்கும் ஓய்வூதியம் இருக்கிறது.

"இனி மீதி இருப்பது அந்தத் தந்தையின் சகோதரி மட்டும்தான்" என்றார் கட்டத்தார் தாளைக் கோப்பில் செருகிக்கொண்டு. "அப்படி ஒருவர் நிஜமாகவே இருக்கிறாரா என்று நேரில் பார்த்துவிடலாம். முன்னறிவிப்பு இல்லாமல்."

அடுத்த வாரம் ஒரு நாள் காலை ஏழு மணிக்கு என் வீட்டு வாசலில் அலுவலகக் கார் நின்றது. எங்கே போகிறோம் என்பது ஏறிய பிறகுதான் தெரிந்தது. கைப்பேசியை அணைத்துவிடச் சொன்னார் கட்டத்தார், அணைத்தேன். நல்லவேளை, வீடுகளுக்குப் போகும்போது பதிவுக் கருவி எடுத்துப் போவதில்லை. கார் அந்தத் தெருவுக்குள் திரும்பியபோது இஸ்திரிக் கடை இன்னும் திறக்கவில்லை. இன்று ஒரு நாள் அத்தைக்குக் காய்ச்சல் வரட்டும் என்று வேண்டிக்கொண்டேன். ஒரு மனுஷி படுத்துக் கிடக்க வேண்டும் என்று வேண்டுகிற நிலைமைக்கு வந்துவிட்டோமே என்றும் தோன்றியது.

கதவைத் திறந்த பெயின்டரின் முகம் எங்களைப் பார்த்ததும் சுவரைப் போல வெளுத்தது. சுவர் என்றால் ஒரு சுவர்தான் வெள்ளை. மீந்துபோன பெயின்ட்டை எங்கெங்கிருந்தோ கொண்டுவந்து நான்கு சுவருக்கும் நான்கு நிறம் அடித்திருந்தார். ஒரு கட்டில், கீழே சுருட்டி வைத்த ஒரு மெத்தை, ஒற்றை அடுப்பு, ஜன்னல் திட்டில் இரண்டு தட்டு. குழந்தை சீருடை போட்டு, முதுகு வரை விரித்துவிட்ட தலையோடு கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். யாருக்காகவோ காத்திருக்கிறாள் என்பது எனக்குப் புரிந்தது.

கட்டத்தார் மண்டியிட்டு அவள் உயரத்துக்கு இறங்கினார். அவளுக்கு அவருடைய மொழி தண்ணீர் பட்ட பாடு, நான் தேவைப்படவில்லை.

"தலை ஏன் கலைந்திருக்கிறது?"

"அப்பாவுக்குப் பின்னத் தெரியாது."

அவர் குறித்துக்கொண்டார். சீவாத தலை ஆதரவின்மைக்கு நல்ல சான்று.

"உன்னை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?"

"அப்பா."

"வேறு யாராவது? அத்தை, மாமா?"

"யாரும் இல்லை" என்றாள். வகுப்பில் எழுந்து நின்று ஒப்பிப்பது போலத் திருத்தமாகச் சொன்னாள். நான் பெயின்டரைப் பார்த்தேன். இதை அவர் சொல்லிக்கொடுக்கவில்லை. மகளை அவர் புதிதாகப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கதவு தட்டாமலே திறந்தது. கொண்டையில் சீப்போடு அத்தை நின்றாள். ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே.

கட்டத்தார் எழுந்தார். "இவர் யார்?" என்று குழந்தையைக் கேட்டார்.

குழந்தை அத்தையை மேலிருந்து கீழ் வரை ஒருமுறை பார்த்தாள். "தெரியாது" என்றாள். "இவர் யாரும் இல்லை."

"அவரிடமே கேளுங்கள்" என்று கட்டத்தார் என் பக்கம் திரும்பினார்.

"நீங்க யாருன்னு கேக்குறாரு" என்றேன்.

அத்தை என் கழுத்து அட்டையைப் பார்த்தாள். கட்டத்தார் கையிலிருந்த படிவத்தைப் பார்த்தாள். குழந்தையின் பக்கம் மட்டும் கண்ணைத் திருப்பவில்லை.

"பாப்பா என்ன சொல்லுச்சு?" என்று கேட்டாள்.

"உங்களத் தெரியாதுன்னு சொல்லுச்சு. நீங்க யாரும் இல்லன்னு."

"தடுமாறாம சொன்னாளா?"

எனக்கு ஒரு கணம் விளங்கவில்லை. "தடுமாறல" என்றேன்.

"பத்து நாளா தலை பின்னும்போதெல்லாம் இதத்தான் சொல்லிக் குடுத்தேன். மொத மூணு நாளு மாட்டேன்னு ஒரே அழுகை" என்றாள் அத்தை. அவள் உதடு ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டது. அதை அழுத்திப் பிடித்து நேராக்கினாள். "அந்தாளுகிட்ட, வீடு மாறி வந்துட்டேன்னு சொல்லு."

"இவ்வளவு நேரம் என்ன சொல்கிறார்?" என்றார் கட்டத்தார்.

"வீடு மாறி வந்துவிட்டாராம். மன்னிப்புக் கேட்கிறார்" என்றேன். குறைத்ததும் உண்டு, கூட்டியதும் உண்டு.

"பரவாயில்லை, இங்கே எல்லாக் கதவும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன" என்று கட்டத்தார் கனிவாகச் சொன்னார். அதையும் மொழிபெயர்த்தேன். அத்தை தலையை ஆட்டிக்கொண்டாள். வெளியே போய்க் கதவைத் தன் கையாலேயே சாத்தினாள். படிகளில் அவள் இறங்கும் சத்தம் பாதியில் நின்றுவிட்டது.

கட்டத்தார் கடைசிக் கட்டத்தில் டிக் அடித்தார். படிவத்தை மூடினார். பெயின்டரிடம் கையை நீட்டி, "உங்களுக்கு இங்கே யாருமே இல்லை என்பது உறுதியாகிவிட்டது. வாழ்த்துகள்" என்றார்.

பெயின்டர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, நான் சொல்வதற்காக என் முகத்தைப் பார்த்தார். நான் வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. கட்டத்தாரும் காத்திருந்தார்.

குழந்தைதான் அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்துத் தமிழில் சொன்னாள்.

"நமக்கு யாருமே இல்லையாம்பா. பாஸாயிட்டோம்."